தண்டனை இல்லாத ஒப்புதல்

1974 டிசம்பர் 1. பலத்த காற்று காரணமாக, டி.டபிள்யூ.ஏ 514 விமானம் வாஷிங்டன் அருகே உள்ள டல்லஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது (டெக்சாஸில் உள்ள டல்லஸ் வேறு). இறங்குவதற்குக் கட்டுப்பாட்டு அறை அனுமதி தந்தது. 1800 அடி வரை உடனே இறங்கலாம் என்று விமானி புரிந்துகொண்டார். வழியில் மலை இருப்பதைக் கவனிப்பது விமானியின் வேலை என்று கட்டுப்பாட்டு அறை நினைத்தது. விமானம் வெர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தனர்.

விசாரணையில்தான் அந்த அதிர்ச்சியான விஷயம் வெளிவந்தது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று இதே குழப்பத்தில் இதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்தத் தகவல் டி.டபிள்யூ.ஏ விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை!

அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ 1975-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது: "தவறுகளை எழுதி அனுப்புங்கள், தண்டிக்க மாட்டோம்." விமானிகள் நம்பத் தயங்கினார்கள். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய் யார் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1976-ல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. படிவத்தில் பெயர் எழுதும் பகுதி தனியாகக் கிழிக்கப்பட்டு, முத்திரையிட்டு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தெரியாமல் செய்த விதிமீறலைப் 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அபராதமோ உரிம நிறுத்தமோ கிடையாது. குற்றச் செயல்களுக்கும் விபத்துகளுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. ஏ.எஸ்.ஆர்.எஸ் எனப்படும் இத்திட்டத்துக்கு இதுவரை பத்து லட்சத்துக்கும் அதிகமான அறிக்கைகள் வந்துள்ளன.

மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. பிரிட்டனில் 1982-ல் 'சர்ப்' தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1988-ல் ரகசிய அறிக்கைத் திட்டம் வந்தது. டென்மார்க் வேறு வழியில் போனது. அங்கே 2001-ல் வந்த சட்டம், அறிக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் தந்தவருக்குத் தண்டனை இல்லை, பெயரும் ரகசியம். அதன் பிறகு கட்டுப்பாட்டு அறை ஊழியர்களிடமிருந்து அறிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அதற்காக அந்த ஆண்டு வானம் திடீரென்று ஆபத்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பயம் போனது, அவ்வளவுதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. எழுத விரும்புகிறவர்கள்தான் எழுதுகிறார்கள். எனவே ஒரு தவறு எத்தனை முறை நடக்கிறது என்பதை இந்த அறிக்கைகளை எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே, எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தவறு செய்தவனைத் தண்டிக்காமல் விட்டால் ஒழுங்கு கெட்டுவிடாதா என்று கேட்கலாம். மவுண்ட் வெதர் அதற்குப் பதில் சொல்கிறது. விபத்து நடந்த பிறகு ஆளைத் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அந்த மலையைப் பற்றித் தெரிந்தவர்கள் ஆறு வாரங்களுக்கு முன்பே இருந்தார்கள். அதை எல்லோரிடமும் கொண்டு சேர்க்கத்தான் அன்று வழி இல்லை.