ஒரே சாவியும் பல கைகளும்: பல செயலிகளை இயங்குதளம் ஆளக் கற்ற வரலாறு

குமுளி, வண்டன்மேடு, போடி வழியில் நாற்பது வருஷமாக ஏலக்காய் வாங்கி விற்கிறவன் நான். கம்ப்யூட்டரைக் கல்லூரியில் படித்தவன் அல்லன்; புத்தகம் வாங்கிப் படித்ததுதான். கடைக்குப் புது இயந்திரம் வாங்கும் நண்பர்கள், "நயினாரே, நாலு கோர் போட்டா பில்லு நாலு மடங்கு சீக்கிரம் வருமா?" என்று கேட்பதுண்டு. வராது. ஏன் வராது என்பதற்குப் பின்னே அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதையே இங்கு எழுதப் புகுந்தேன்.

1962இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துக்காக பரோஸ் கம்பெனி டி825 என்ற கணினியைக் கட்டியது. நான்கு செயலிகள் வரை ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. எந்தச் செயலிக்கு எந்த வேலை என்று பங்கிட்டுக் கொடுக்க ஓர் இயக்க நிரலும் உடன் இருந்தது. பங்கிடுவது பெரிதல்ல, பொதுச் சொத்தைக் காப்பதே பெரும்பாடு. பேரேட்டில் இருப்பு 100 கிலோ என்று இரண்டு கணக்கர்கள் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஒருவர் 20 கிலோ விற்று 80 என எழுதுகிறார். மற்றவர் 30 கிலோ விற்று, தான் முதலில் பார்த்த நூறிலிருந்து கழித்து, 70 என எழுதுகிறார். உண்மையில் இருப்பதோ 50! இருவரும் தவறு செய்யவில்லை, கணக்கு மட்டும் கெட்டது.

ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் இச்சிக்கலுக்கு வழி எழுதினார். பொது ஏட்டை ஒருவர் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இதற்கு அவர் அமைத்த கருவிக்கு 'செமஃபோர்' என்று பெயர். ரயில் கைகாட்டி என்பதே பொருள். பொள்ளாச்சி–பாலக்காடு ஒற்றைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காத்திருப்புக்கு விலை உண்டு. 1967இல் ஜீன் ஆம்டால் அதைக் கணக்காகவே காட்டினார். நம் சரக்கில் வைத்துச் சொல்கிறேன். ஒரு லாட் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்க ஒரு ஆளுக்கு 3 மணி நேரம், எடை போட்டு ஏட்டில் ஏற்ற 1 மணி நேரம் என்று கொள்வோம். நாலு பேர் சலித்தால் 3 மணி முக்கால் மணியாகும். தராசு ஒன்றுதானே? எடைக்கு அதே 1 மணி. ஆக, 4 மணி வேலை ஒன்றேமுக்கால் மணிக்கு வந்தது. நூறு பேரை நிறுத்தினாலும் 1 மணிக்குக் கீழே இறங்காது.

நம் நாட்டில் 1986இல் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினியை இயக்கியது. 1988இல் புனேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000ஐ வெளியிட்டது. பரமில் பொது ஏடே கிடையாது. ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம். கடிதம் போட்டுக்கொள்வதுபோல் செய்தி அனுப்பிக்கொள்ளும். அது வேறு பாதை.

நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது லினக்ஸ். கேரளப் பள்ளிகளில் ஐ.டி@ஸ்கூல் திட்டத்தின் வழியாகவும், அது 2017இல் 'கைட்' ஆன பின்னும், அவர்கள் பழகுவது அதைத்தான். 1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0 முதன்முதலாகப் பல செயலிகளை ஏற்றது. அதற்கான அடிப்படை வேலையைத் தொடங்கியவர் ஆலன் காக்ஸ். (அந்தக் காலத்தில் வீடுகளில் இருந்த விண்டோஸ் 95, 98 இரண்டும் இரண்டாவது செயலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.தான் பார்த்தது.)

லினக்ஸ் அன்று செய்த ஏற்பாடு மிக எளிது: கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. ஒரு செயலி உள்ளே போனால் மற்றது வாசலில் நிற்கும். முதலாளி மடியில் ஒரே சாவி வைத்துக் கடை நடத்துவது மாதிரி. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு ஆளுக்கு அது போதும், கணக்கும் கெடாது. ஆள் பெருகும்போதுதான் வாசலில் கூட்டம். அதனால் அறைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு என்று பிரிக்கலானார்கள். அதில் புது ஆபத்து: முன்னறைச் சாவி என்னிடம், பின்னறைச் சாவி உங்களிடம், நான் உங்களுடையதற்கும் நீங்கள் என்னுடையதற்கும் காத்திருந்தால் கடை அன்றைக்குத் திறந்தாற்போலத்தான்! ஆகவே எந்தப் பூட்டை முதலில், எதை அடுத்து எடுப்பது என்று ஒழுங்கு வகுத்தார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6இல் ஒவ்வொரு செயலிக்கும் தனி வேலை வரிசை கிடைத்தது. ஒரு வேலையைக் கூடியவரை பழைய செயலியிடமே விடுவார்கள், கைப்பக்கத்தில் எடுத்துவைத்த தரவு வீணாகக் கூடாதே. 2005இல் இரட்டைக் கோர் செயலிகள் வீட்டுக் கணினிக்கு வந்தபோது இந்த அடித்தளம் தயாராக இருந்தது. அப்பெரிய பூட்டின் கடைசி மிச்சத்தைக் களைந்தது 2011 மே மாதத்து 2.6.39. பதினைந்து வருஷம்! அதே மாதம் திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் சாகா-220 மீக்கணினி, 400 நாலு-கோர் செயலிகளோடும் 400 வரைகலைச் செயலிகளோடும் தொடங்கி வைக்கப்பட்டது.

இனி நண்பர்களின் பில்லுக்கு வருவோம். இயங்குதளம் பல வேலைகளைப் பல கோர்களுக்குப் பங்கிடும். ஒரே இழையாக எழுதப்பட்ட ஒரு வேலையை அதனால் உடைக்க முடியாது. உடைத்து எழுதவேண்டியது பில் மென்பொருளை எழுதியவர். கொழிஞ்சாம்பாறையிலோ மூணாற்றிலோ தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையிடம் பள்ளிக் கணினியில் 'சிஸ்டம் மானிட்டர்' திறந்து காட்டச் சொல்லுங்கள். கோருக்கு ஒரு கோடு ஓடும். அப்படிப்பட்ட ஒற்றை வேலையைக் கொடுத்துப் பார்த்தால், எந்த நேரத்திலும் ஒரு கோடுதான் உச்சியில் நிற்கும், மற்றவை தரையோடு கிடக்கும்.