சுருங்கியது காலமா, தூரமா? பொலாரிஸ் திட்டமும் பெர்ட்டின் பெருமையும்

திட்ட மேலாண்மை வகுப்புகளில் பெர்ட் முறைக்கு ஒரு பிறப்புக் கதை சொல்லப்படுகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவக்கூடிய பொலாரிஸ் ஏவுகணையை உருவாக்கியது. எண்ணற்ற ஒப்பந்ததாரர்களின் வேலைகளைக் கோத்துப் பார்க்கப் பெர்ட் என்ற வலைப்பின்னல் முறை வகுக்கப்பட்டது. அதனால் திட்டம் இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிந்தது. கதை முடிந்ததும் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பி வட்டங்களும் அம்புகளும் வரையத் தொடங்குவார். தேர்வுக்குக் கதை வராது, கணக்குத்தான் வரும். இருந்தாலும் அந்தக் கணக்கின் மேல் மாணவருக்கு ஏற்படும் நம்பிக்கை கதையிலிருந்தே வருகிறது. ஆகவே கதையைச் சரிபார்ப்பது வரலாற்று ஆர்வம் மட்டுமன்று.

பொலாரிஸ் விரைவாக முடிந்தது என்பதில் ஐயமில்லை. அந்த விரைவுக்குக் காரணம் வலைப்பின்னல் வரைபடம் என்பதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. எதை எட்டினால் வேலை முடிந்ததாக ஏற்பது என்ற அளவுகோலையே திட்டத்தின் தலைவர்கள் மாற்றினார்கள். பெர்ட் வரைபடத்தில் அந்த முடிவுக்கு இடமே கிடையாது.

முதலில் தேதிகளை வரிசைப்படுத்துவோம். கடற்படையின் சிறப்புத் திட்டங்கள் அலுவலகம் 1955இன் இறுதியில் ரியர் அட்மிரல் வில்லியம் ராபர்ன் தலைமையில் தொடங்கியது. தரைப்படையின் ஜூபிடர் ஏவுகணையோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலை 1956 டிசம்பரில் முடிந்து, திட எரிபொருளில் இயங்கும் பொலாரிஸ் தனித் திட்டமாகியது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. வாஷிங்டன் பதறியது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பொலாரிஸை 1960இல் கடலுக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. வில்லர்ட் ஃபாஸார் முதலானோர் பெர்ட்டை வகுக்க உட்கார்ந்தது 1958இன் தொடக்கத்தில். திட்டத்தின் ஒரு பகுதியில் அது நடைமுறைக்கு வர மேலும் மாதங்கள் ஆயின. அவர்களது ஆய்வுக் கட்டுரை 1959இல் வெளிவந்தது. நாள் குறித்த பிறகு வந்த கருவி அந்த நாளை முன்னுக்கு இழுத்தது என்று சொல்ல முடியாது. கருவியின் ஆதரவாளர்கள் வேண்டுமானால், குறித்த நாள் தவறாமல் காத்தது அதுதான் என்று வாதிடலாம். அந்த வாதத்தைக் கீழே பார்ப்போம்.

ஸ்புட்னிக்குக்கு முந்தைய அட்டவணை 1963ஐக் குறிவைத்திருந்தது; ஏவுகணை 1,500 கடல் மைல் பாய வேண்டும் என்பது நிபந்தனை. 1960இல் ஜார்ஜ் வாஷிங்டன் கப்பல் சுமந்து சென்ற ஏ-1 வகையின் வீச்சு ஏறத்தாழ 1,200 கடல் மைல். கப்பலும் புதிதாக வடிவமைத்ததன்று. கிராட்டன் நகரின் எலெக்ட்ரிக் போட் தளத்தில் கட்டுமானத்தில் இருந்த ஸ்கார்ப்பியன் என்ற தாக்குதல் நீர்மூழ்கியை நடுவில் வெட்டி, ஏறக்குறைய 130 அடி நீளமுள்ள ஏவுகணைப் பகுதியை இடையில் செருகி, 16 ஏவுகுழல்களை வைத்தார்கள். போர்முனை விஷயத்தில் துணிச்சல் இன்னும் அதிகம். எடை குறைந்த அணுப் போர்முனையைச் செய்ய முடியும் என்று 1956 கோடையில் நோப்ஸ்கா ஆய்வுக் கூட்டத்தில் எட்வர்ட் டெல்லர் கொடுத்த உறுதியை நம்பி, இல்லாத போர்முனைக்கு ஏற்ப ஏவுகணையை வடிவமைத்தார்கள். போர்முனை வந்துசேர்ந்தது, ஆனால் அதன் பாதுகாப்புப் பொறியில் இருந்த கோளாறு, அது பணியில் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது.

முகூர்த்தம் குறித்துவிட்டால் கல்யாணம் தள்ளிப்போவதில்லை. பந்தியில் ஒரு பாயசம் குறையும். பொலாரிஸிலும் நடந்தது அதுதான். 1960 ஜூலை 20 அன்று கடலுக்கடியிலிருந்து முதல் ஏவல், நவம்பர் 15 அன்று முதல் ரோந்து. நாள் தவறவில்லை. குறைந்தது தூரம்.

அப்படியானால் மிச்சமான காலம் எவ்வளவு? ஒத்ததை ஒத்ததோடுதான் ஒப்பிட வேண்டும். 1,500 கடல் மைல் என்ற மூல நிபந்தனையை நிறைவேற்றிய ஏ-2, ஈதன் ஆலன் கப்பலில் 1962இல் ரோந்துக்குப் போனது. 1963 என்ற பழைய இலக்கோடு இதை வைத்துப் பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஸ்புட்னிக்குக்குப் பின் கேட்ட பணமெல்லாம் கிடைத்த, நாட்டின் உச்ச முன்னுரிமை பெற்ற ஒரு திட்டத்துக்கு ஓர் ஆண்டு முந்துவது வியப்பான சாதனை அன்று. பாடநூல்களின் 'இரண்டு ஆண்டு', சிறிய ஏவுகணையின் நாளைப் பெரிய ஏவுகணையின் அட்டவணையிலிருந்து கழித்துப் பார்த்ததில் வந்த எண்.

இனி, குறித்த நாளைக் காத்தது பெர்ட் என்ற வாதம். ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட பொலாரிஸ் வரலாறு இதை ஏற்கெனவே பலமாக அசைத்துவிட்டது. அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவினர் பெர்ட்டை நம்பி நடக்கவில்லை. சொல்லப்போனால் அதை எதிர்த்தார்கள். அதன் பெரும்பயன் வெளியாட்களிடம் தெரிந்தது என்கிறார் அவர். காங்கிரஸ் உறுப்பினர்களும் பென்டகன் அதிகாரிகளும் வந்தார்கள். கணினித் தாள்களும் வண்ண வரைபடங்களும் கண்டார்கள். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று திருப்தியடைந்து தலையிடாமல் போனார்கள். அந்தத் தலையீடின்மையே ராபர்னின் ஆட்களுக்குத் தேவைப்பட்டது: ஒரே உறுப்புக்கு இரண்டு நிறுவனங்களைப் போட்டியிட விடவும், தோற்ற சோதனைக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிராமல் அடுத்த சோதனைக்குப் போகவும் அது இடம் தந்தது.

சபோல்ஸ்கியின் முடிவை நான் பெரிதும் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வெறும் காட்சிப்பொருள் என்று பெர்ட்டை ஒதுக்கிவிட முடியாது. எது முடிந்தால்தான் எது தொடங்கும் என்று ஒவ்வொரு ஒப்பந்ததாரரையும் எழுதவைப்பதே ஒரு பயன். கணினி இல்லாவிட்டாலும் அந்தப் பயன் கிடைத்திருக்கும். மேலும், குறுக்கிடுவோரைத் தள்ளி வைப்பதும் மேலாளரின் வேலைதான். சிக்கல் அடுத்து வந்தவர்களிடம் இருக்கிறது. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து செலவையும் உள்ளடக்கிய பெர்ட் வழிகாட்டியை வெளியிட்டன. ஒப்பந்ததாரர்கள் அதன்படி அறிக்கை தர வேண்டியதாயிற்று. தணிக்கையாளரை வாசலிலேயே நிறுத்தப் பயன்பட்ட கருவி, தணிக்கையாளர் கேட்கும் படிவமாக மாறியது. பொலாரிஸிடம் இருந்த சுதந்திரம் அந்தப் படிவத்தோடு சேர்ந்து வரவில்லை.

கணக்கும் பழுதற்றதன்று. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்த காலம், பெரும்பாலும் ஆகக்கூடிய காலம், மிகுந்த காலம் என மூன்று மதிப்பீடுகள் வாங்கி, நடு மதிப்பீட்டை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கும் காலம் கிடைக்கும். இப்படிக் கிடைத்த சராசரிகளைக் கூட்டிப் பார்த்து மிக நீளமான பாதையை எடுப்பார்கள். கிரிட்டிகல் பாத் என்பது அதுதான். பாதைகள் சந்திக்கும் இடத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றுகிறது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 8 வாரத்தில் முடியலாம், அல்லது 12 வாரத்தில். இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி 10. இரண்டும் முடிந்தால்தான் மூன்றாவது தொடங்கும். பெர்ட் வரைபடம் அந்தச் சந்திப்பில் 10 என்று எழுதும். உண்மையில் நான்கு சம வாய்ப்புகளில் ஒன்றில்தான் இரண்டும் 8 வாரத்தில் முடியும். மீதி மூன்றில் 12. சராசரி 11 வாரம். இப்படிப் பத்து வேலைகள் ஒரு புள்ளியில் வந்து சேர்ந்தால் சராசரி ஏறக்குறைய 12 ஆகிவிடும். வரைபடமோ 10 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

பெர்ட் தரும் காலம் உண்மைச் சராசரியைவிட ஒருபோதும் அதிகமாக இராது, பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்று கணிதவியலாளர் ஃபல்கர்சன் 1962இலேயே காட்டினார். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது: நம்பிக்கையின் பக்கம். பொலாரிஸ் போன்ற திட்டத்தில் எரிபொருள், வழிகாட்டி, போர்முனை, ஏவுகுழல், கப்பல் உடல் எல்லாம் கடைசியில் ஒரே கப்பலில் வந்து சேர வேண்டும். சந்திப்புகள் மிகுந்த திட்டத்தில்தான் இந்தப் பிழையும் மிகும். அப்படியிருந்தும் நாள் தவறவில்லை என்றால், வரைபடத்துக்கு வெளியே ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அது என்ன என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

இதையெல்லாம் வைத்து வலைப்பின்னல் ஆய்வே வீண் என்று சொல்வது நேர்மையாகாது. அதே காலத்தில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து சி.பி.எம். என்ற கிரிட்டிகல் பாத் முறையை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. வேலையை விரைவுபடுத்த வேண்டும் என்றால் அதுவரை ஆலைகளில் எல்லா வேலைக்கும் ஓவர்டைம் போடுவதுதான் வழக்கம். முடிவு நாளைத் தீர்மானிக்கும் சில வேலைகளில் மட்டும் பணத்தைப் போட்டால் போதாதா என்று இவர்கள் கேட்டார்கள். கென்டக்கியின் லூயிவில் ஆலையில் பராமரிப்புக்கான ஷட்டவுன் சராசரியாக 125 மணி நேரம் பிடித்தது. இம்முறையால் அது 93 ஆகி, பின்னர் 78க்கும் இறங்கியது. இங்கே அளவுகோல் மாறவில்லை. ஆலை முன்பு ஓடியது போலவே ஓட வேண்டும், அவ்வளவுதான். பழகிய வேலை, தெரிந்த கால அளவு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு: நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களின் ஆண்டுப் பராமரிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு மணி நேரம் குறைந்தால் ஒரு மணி நேரம் குறைந்ததுதான். வேறெங்கும் எதுவும் சுருங்கியிருக்காது. புகழ் பொலாரிஸுக்குப் போனது. சான்று லூயிவில்லில் இருந்தது.

அளவுகோல் மாறிய திட்டம், மாறாத திட்டம் என்ற இந்த வேறுபாட்டோடு பிரிட்டனின் அனுபவமும் ஒத்துப்போகிறது. 1963இன் ஒப்பந்தப்படி பொலாரிஸை வாங்கிய பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்கர்களின் மேலாண்மை முறைகளையும் பெர்ட்டையும் கூடவே எடுத்துக்கொண்டது. ரெசல்யூஷன் கப்பல் 1968 ஜூனில், திட்டமிட்ட நேரத்தில் ரோந்துக்குப் புறப்பட்டது. வெற்றியை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் கையில் வந்த ஏ-3 ஏவுகணை ஏற்கெனவே அமெரிக்கக் கப்பல்களில் இருந்தது. அதன் வீச்சு என்ன என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலும் போர்முனையும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. ராபர்னின் ஆட்கள் 1957இல் எதிர்கொண்ட கேள்வி, எவ்வளவு தூரம் போனால் போதும் என்பது. அது பிரிட்டிஷாரிடம் யாரும் கேட்காத கேள்வி.