ஒலி நாடகத்தில் போக்கிரி நாயகன்: அறிவியல் புனைவின் ஒரு கிளை வரலாறும் தமிழ் ஒலிச்சித்திரமும்

தமிழ் நாடக வரலாறு எழுதியோர் மேடையையும் அச்சு நூலையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். திரைப்படத்திற்கும் ஓரளவு இடமளித்துள்ளனர். செவிக்கு மட்டுமே உரிய நாடகம் அவர்தம் நூல்களில் பெரும்பாலும் ஓர் இயலின் இறுதிப் பத்தியாக நின்றுவிடுகிறது. படத்தின் நிழல், விளம்பரத்தின் எச்சம் என்று அதனைக் கருதியமையே இதற்குக் காரணம் எனலாம். இக்கருத்து பொருந்துமா என்பதை ஒரு குறுகிய எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அறிவியல் புனைவில் தோன்றிய போக்கிரி நாயகர்கள் ஒலி நாடகத்தில் பெற்ற மறுவாழ்வே அவ்வெடுத்துக்காட்டு.

திரையிலிருந்து ஒலிக்கு வரும் படைப்புகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். படத்தின் ஒலித்தடத்தையே வெட்டிச் சுருக்கித் தருவது முதல் வகை. கதையை வானொலிக்கென மீண்டும் எழுதி, மீண்டும் நடிப்பது இரண்டாம் வகை. திரையில் இல்லாத புதிய கதைகளை அதே நாயகனுக்குப் படைத்தளிப்பது மூன்றாம் வகை. இதனைக் கிளைக்கதை என்போம். தமிழில் முதல் வகை செழித்தது. இரண்டாம் வகை அருகியே காணப்படுகிறது. மூன்றாம் வகை, அதிலும் அறிவியல் புனைவில், ஏன் வேரூன்றவில்லை என்பதே நம் வினா.

முதல் வகையின் ஆற்றலை அறிய மும்பையே போதிய சான்று. வடாலாவுக்கும் சயானுக்கும் இடைப்பட்ட ஆண்டாப் ஹில்லில் நடுவணரசு ஊழியர் குடியிருப்புகளிலும் அவற்றைச் சூழ்ந்த எளிய குடியிருப்புகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'ஷோலே' மினர்வா திரையரங்கில் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடியதை யாவரும் அறிவர். அப்படத்தின் பாடல் இசைத்தட்டுகள் தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவு விலைபோகாத நிலையில், பாலிடோர் நிறுவனம் உரையாடல்களைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டது. அது தேநீர்க் கடைகளிலும் விழாப் பந்தல்களிலும் ஓயாது ஒலித்தது. இந்தி கற்காத தமிழர் பலருக்கு வீரு, ஜெய் என்னும் இரு திருடர்களின் கேலிப் பேச்சும் கப்பர் சிங்கின் மிரட்டலும் பொருள் விளங்குமுன்பே ஓசையாக மனப்பாடமாயின. அம்ஜத் கானின் குரல் அப்பாத்திரத்திற்குப் போதாது என்று முதலில் ஐயுற்றனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஐயத்திற்கு உள்ளான அக்குரலே இசைத்தட்டை விற்றது!

தமிழில் இம்மரபு இன்னும் பழமையானது. 1930களிலேயே மேடை நாடகங்கள் பல இசைத்தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளிவந்தன. பின்னர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகியவற்றின் கதைவசனத் தட்டுகள் கோயில் திருவிழா, திருமணம் என எங்கும் ஒலிபெருக்கியில் முழங்கின. வானொலி நிலையங்கள் படத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கி ஒலிச்சித்திரமாக ஒலிபரப்பின. இச்சுருக்கத்தைச் செய்தவர் பெயர் எங்கும் பதியப்படுவதில்லை. ஆயினும் அது எளிய பணியன்று. வாய் பேசாது நிகழும் காட்சியை இரண்டு தொடர்களில் அறிவிப்பாளர் சொல்லிவிட வேண்டும். மிகையாகச் சொன்னால் நாடகம் கதாகாலட்சேபமாகும். குறைத்துச் சொன்னால் கேட்போர் வழி தவறுவர்.

இனி மேலைநாட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1929இல் நாளிதழ்ப் படக்கதையாகத் தொடங்கிய பக் ராஜர்ஸ் 1932இல் அமெரிக்க வானொலித் தொடரானான். அவன் நேர்மையான வீரன். நம் போக்கிரி அல்லன். போக்கிரி நாயகன் முழு உருவில் வானொலிக்கு வந்தது 1981இல் ஆகும். 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் வானொலி உரிமையை ஜார்ஜ் லூகாஸ், தாம் பயின்ற தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்திற்கு ஒரு டாலருக்கு அளித்தார். அமெரிக்கத் தேசியப் பொது வானொலி அதனைப் பதின்மூன்று பகுதிகளாக ஒலிபரப்பியது. எழுதியவர் பிரையன் டேலி. இயக்கியவர் ஜான் மேடன். கடன்பட்ட கடத்தல்காரனாகிய ஹான் சோலோவுக்குத் திரையில் நடித்த ஹாரிசன் ஃபோர்டு வரவில்லை. பெர்ரி கிங் குரல் கொடுத்தார்.

இரண்டு மணி நேரப் படம் எவ்வாறு பதின்மூன்று பகுதிகளாகும்? டேலி செய்தது சுருக்கமன்று, விரிவு. படத்தில் குறிப்பாக மட்டும் நின்றவற்றை அவர் காட்சிகளாக்கினார். சோலோ தன் கடன்காரனுடைய ஆளோடு நடத்தும் பேரம் அவ்வாறு வானொலிக்கென எழுதப்பட்டதாகும். டேலி அதற்கு முன்பே, 1979–80இல், சோலோவை மட்டும் நாயகனாக்கி மூன்று புதினங்கள் எழுதியவர் என்பதால் அவனது பேச்சின் சாயல் அவருக்குக் கைவந்திருந்தது. இரண்டாம் படம் 1983இல் பத்துப் பகுதிகளாகவும், மூன்றாம் படம் 1996இல் ஆறு பகுதிகளாகவும் வந்தன. மூன்றாவதன் ஒலிப்பதிவு முடிந்த வேளையில் டேலி காலமானார்.

கிளைக்கதைக்குச் சிறந்த சான்று பிரித்தானியாவில் உள்ளது. 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் 2005ஆம் ஆண்டு மே மாதம் கேப்டன் ஜேக் ஹார்க்னஸ் என்பவன் தோன்றினான். ஐம்பத்தோராம் நூற்றாண்டினன், 1941இன் குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டனில் ஏமாற்று வணிகம் செய்ய வந்தவன். பின்னர் சாகாவரம் பெற்று, 2006இல் தொடங்கிய 'டார்ச்வுட்' தொடரின் தலைவனானான். 2008 செப்டம்பர் 10 அன்று, ஜெனீவாவை அடுத்த பெரிய துகள் மோதுவி இயக்கப்பட்ட அதே நாளில், அந்த ஆய்வுக்கூடத்தையே களமாகக் கொண்ட 'டார்ச்வுட்' வானொலி நாடகம் பிபிசியில் ஒலிபரப்பானது. தொலைக்காட்சித் தொடர் 2011இல் நின்றது. ஒலி நாடகம் நிற்கவில்லை. பிக் ஃபினிஷ் நிறுவனம் 2015 முதல் புதிய கதைகளை வெளியிட்டது. 2017இல் வந்த தொகுதி ஜேக்கின் வாழ்வில் திரை காட்டாத காலங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது.

போக்கிரிக்கு ஒலி ஏன் இத்துணை இயைகிறது? அவன் பொய் சொல்பவன்; தன் கடந்த காலத்தைத் தானே புனைந்து கூறுபவன். திரையில் நாம் அவன் கண்ணைப் பார்த்து உண்மையை ஊகிக்கிறோம். ஒலியில் அவ்வுதவி இல்லை. ஏமாறுபவனும் கேட்பவனும் ஒரே நிலையில் நிற்கின்றனர். மேலும், அவன் சொல்லாமல் விட்ட ஆண்டுகள் பல. அவ்விடைவெளிகளே கிளைக்கதைக்கு விளைநிலம். நேர்மையான வீரனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆதலால் அவனுக்குக் கிளையும் குறைவு.

இத்தகைய நாயகன் தமிழுக்குப் புதியவன் அல்லன். தெருக்கூத்தின் கட்டியங்காரனும் தெனாலிராமனும் பேச்சால் பிழைப்பவர்கள். நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவிய 'மலைக்கள்ளன்' (1954) மாறுவேடம் பூணும் கள்வனை நாயகனாக்கியது. விண்வெளிக் கதையிலும் அவன் வந்துவிட்டான்: அ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' (1963) படத்தில் வேற்றுக்கோளுக்குச் செல்லும் எம்.ஜி.ஆர்., அங்குள்ள ஒரு கோமாளியின் உருவில் நடமாடிக் காரியம் சாதிக்கிறார். ஹான் சோலோவுக்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியவர் இவர்! சுஜாதாவின் வசந்த் குறும்பும் துணிவும் கலந்தவன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் இயந்திர நாய் ஜீனோவோ உருவத்தால் அன்றிப் பேச்சால் மட்டுமே கதையைத் தன்வசப்படுத்துவது. ஒலி நாடகத்திற்கென்றே பிறந்த பாத்திரம் என்று இதனைச் சொல்லத் தடையில்லை. ஆயினும் அது தொலைக்காட்சிக்கே சென்றது.

நாயகன் இருந்தும் கிளை ஏன் வளரவில்லை? கேட்போர் இல்லை என்பது விடையாகாது. இலங்கை வானொலி இதற்கு மறுப்பு. சானா எனப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', மரிக்கார் ராம்தாஸ் குழுவினரின் கோமாளிகள் ஆகியவை அங்கு ஒலியிலேயே பிறந்து மக்களிடம் நிலைபெற்றன. கோமாளிகள் 1976இல் வானொலியிலிருந்து திரைக்குச் சென்றனர். தமிழகத்தில் நாம் காணும் போக்கிற்கு இது நேர் எதிர்த்திசை. அப்பாத்திரங்கள் யாழ்ப்பாணத்தும் கொழும்பினதுமான பேச்சுவழக்கில் பேசின. இதுவே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு. போக்கிரிக்குத் தெருமொழி வேண்டும். நம் நிலையங்கள் நெடுங்காலம் பேணிய செம்மையான வானொலித் தமிழில் அவன் வாய் திறந்தால் ஆசிரியர் போல் ஒலிப்பான். அறிவியலை வானொலி கற்பித்தலுக்குரிய பொருளாகவே கொண்டது மற்றொரு காரணம்; பாடம் நடத்தும் இடத்தில் ஏமாற்றுக்காரனுக்கு வேலையில்லை. திரைப்பட உரிமையாளர்கள் ஒலியை விளம்பரமாகக் கண்டதும் உண்டு. ஆனால் லூகாஸின் ஒரு டாலரை எண்ணும்போது இதனை நான் பெரிதாகக் கருதவில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகளில் ஏறத்தாழ நூற்றின் படச்சுருள்களைப் பிபிசி அழித்துவிட்டது. ஆனால் அவற்றின் ஒலி ஒன்றுகூட மறையவில்லை. ஒலிபரப்பின்போது தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த சிறுவர்களே அதனைக் காத்தனர். பின்னர் அவ்வொலிக்கு இணைப்புரை சேர்த்துப் பிபிசியே விற்றது. அதாவது, பெயர் அறியாமலே ஒலிச்சித்திரம் செய்தது. நம் நிலையங்களிலும் நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கமாயிருந்தது. எனவே தமிழ் ஒலிச்சித்திரங்களைத் தேடுவோர் செல்லவேண்டிய இடம் நிலையக் காப்பகம் மட்டுமன்று. ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, தாராவி வீடுகளின் பரண்களில் உள்ள ஒலிநாடாப் பெட்டிகளையும் பார்த்தல் வேண்டும். அவற்றின் உறைகளில் படத்தின் பெயரோடு பதிந்த நாளும் சில வேளைகளில் எழுதப்பட்டிருக்கும். எப்படம், எந்த ஆண்டில், எவ்வளவு சுருக்கத்தோடு ஒலிபரப்பாயிற்று என்று வரிசைப்படுத்த அக்கையெழுத்தே முதற்சான்றாகும்.