நாய்க்குட்டியும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியும்



குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால், அன்றைக்கே பெரியவர்கள் வாயிலிருந்து ஒரு வசனம் வந்துவிடும். "கிட்டப் போகாத, கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்க!" புதுக்கோட்டைப் பக்கம் அப்பாயிகளும் சித்தப்பாக்களும் இதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், என் வகுப்பில் யாரும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது 2004ல். எங்களில் பாதிப் பேர் பிறந்த சமயம்!

இல்லாத ஊசிக்கு ஏன் இன்னும் பயப்படுகிறோம்? அந்தப் பயத்தால் என்ன நஷ்டம்? பி.காம் படிக்கிறவனுக்கு ஊசியோடு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நடுவில் ஒரு சின்னக் கணக்கும் வருகிறது :-)

கதை ஒரு குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. 1885 ஜூலையில், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் பல இடங்களில் கடித்துவிட்டது. அவன் அம்மா அவனை அழைத்துக்கொண்டு பாரிஸில் இருந்த லூயி பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் வேதியியல்காரர், டாக்டர் இல்லை. அதனால் ஊசியை வேறு டாக்டர் போட்டார். வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்து அது. சுமார் பத்து நாட்களில் 13 ஊசி, வயிற்றுப் பகுதியில். பையன் பிழைத்துக்கொண்டான். பெரியவனான பிறகு பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான். நம்ம ஊர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தது அதற்கு அடுத்த வருடம், 1886ல். இவ்வளவு பழைய கதை!

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே முதல் பாஸ்டர் நிறுவனம் 1900ல் இமயமலை அடிவாரப் பக்கம் கசௌலியில் தொடங்கியது. சென்னை மாகாணத்துக்காரர்களுக்கு அது எட்டாத தூரம். 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோக, தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்குக் கிடைத்தது. 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் ஊரில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய புதுக்கோட்டை தனி சமஸ்தானம். திருச்சியிலிருந்து இங்கே ரயில் பாதை வந்ததே 1929ல்தான். அதற்கு முன் சாலை வழியாகத் திருச்சி போக வேண்டும். அங்கிருந்து ரயிலில் ஈரோடு வழியாக மேட்டுப்பாளையம். அப்புறம் மலை ரயிலில் குன்னூர். போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை முடியும்வரை அங்கேயே தங்க வேண்டும். கூலி வேலை பார்க்கிற குடும்பத்தால் முடிகிற காரியமா?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். 1911ல் அவர் ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியை ஃபீனால் சேர்த்துக் கொன்று தடுப்பூசி தயாரித்தார். இதைப் புட்டியில் அடைத்து வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறிப் போகிற நிலை மாறி, மருந்து நோயாளியைத் தேடி வந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்த மருந்தின் வீரியம் குறைவு. அதனால் ஒரு ஊசிக்கே சில மில்லி மருந்து போக வேண்டும், அதுவும் தினமும். அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில் ஏற்ற வயிற்றில்தான் இடம் உண்டு. அதுதான் "தொப்புளைச் சுத்தி". கடியின் தீவிரத்தைப் பொறுத்து 7 ஊசியும் உண்டு, 14ம் உண்டு. ஊர் வாயில் நின்றது 14 மட்டும்! ஊசி போட்ட இடம் வீங்கும், வலிக்கும். மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1984லேயே இதைக் கைவிடச் சொல்லிவிட்டது. நாம் கைவிட மேலும் 20 வருடம் ஆனது. அதற்குள்ளேயே ஆய்வகத்தில் செல்களில் வளர்த்துத் தயாரித்த புது ஊசி வந்துவிட்டது. ஆனால் விலை அதிகம். காசு இருந்தவர்கள் வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இல்லாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆட்டு மூளை ஊசிதான்.

இப்போது நான் சொன்ன கணக்கு. புது ஊசியைத் தசையில் போட்டால் 5 தடவை, தடவைக்கு ஒரு குப்பி, மொத்தம் 5 குப்பி. தோலின் மேலடுக்கில் போடும் முறையில் இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் 4 தடவை. மொத்தமே 0.8 மில்லி! 1 மில்லி குப்பி ஒன்றுகூட முழுதாகத் தீராது. இந்த முறைக்கு இந்தியாவில் 2006ல் அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை, திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் கூட்டம் வருகிற அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் இது கட்டுப்படியாகும். அங்கே இலவசம். வயிறு, தொப்புள் பேச்சே கிடையாது.

ஊசி மாறிவிட்டது. வசனம் மட்டும் மாறவில்லை. அங்கேதான் ஆபத்து.

பயமுறுத்துகிற வசனத்தைக் கேட்டு வளர்கிற குழந்தை நாய்க்குட்டியிடம் போகாமல் இருக்குமா? போகும். வாலைப் பிடித்து இழுக்கும், வாயில் விரலை விடும். குட்டி விளையாட்டாகக் கவ்வும், பல் லேசாகக் கீறும். அப்புறம் என்ன செய்யும்? சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்ளும்! சொன்னால் ஊசி, கூடவே அடி, அதோடு நாய்க்குட்டியும் வீட்டை விட்டுப் போய்விடும். மூன்று தண்டனைக்குப் பயந்து ஒரு கீறலை மறைப்பது குழந்தைக்கு நியாயமாகத்தான் படும்.

வெறிநாய்க்கடியில் அந்த மௌனம்தான் கொல்கிறது. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகும். அதற்குள் ஊசி போட்டால் பிழைக்கலாம். அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. வெறிநோய் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"குட்டி நாய்தானே, அதுக்கு எங்கே வெறி?" என்று கேட்பவர்கள் உண்டு. இதுவும் தப்பு. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதே சுமார் மூன்று மாத வயதில். அதற்கு முன் வெறிபிடித்த நாய் அதைக் கடித்திருந்தால் குட்டிக்கும் நோய் வரும். வாய்க்கால் ஓரத்திலிருந்து தூக்கி வரும் குட்டியின் முன்கதை யாருக்குத் தெரியும்?

அதற்காகக் குட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக வளர்க்கலாம். வந்தவுடன் கால்நடை மருத்துவமனையில் காட்டி, தடுப்பூசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தரையில் உட்கார வைத்து, குட்டி தானாக வந்து மோந்து பார்க்க விடுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக்கூடாது. சின்னக் குழந்தை என்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கீறல் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையம் போய்விடுங்கள். ஊசி வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். குட்டியை விரட்டிவிடாமல் 10 நாள் கண்காணிக்க வேண்டும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. பதினாலு ஊசி வசனத்தை 2004ஓடு விட்டுவிட்டு, குட்டி வீட்டுக்குள் வருகிற நாளில் குழந்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "பல்லு பட்டாலும் நகம் பட்டாலும் உடனே வந்து சொல்லு. திட்ட மாட்டோம். குட்டியையும் எங்கயும் கொண்டுபோய் விட மாட்டோம். ஊசி கையிலதான், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். முதல் கீறலைச் சொல்ல வந்த குழந்தைக்கு அடி விழுந்தால், இரண்டாவது கீறலை அது சொல்லவே சொல்லாது.