விசைப்பலகையிலிருந்து தொழிலுக்கு: பாரிசில் எம்மவரும் கணனித் துறையும்



லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் நின்று, "பிள்ளை என்ன படிக்கிறார்?" என்று தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "கொம்பியூட்டர்" என்ற பதில் அடிக்கடி வரும். அடுத்து எந்தப் பிரிவு, எத்தனை வருடம், முடித்தால் என்ன வேலை என்று கேட்டால் பெற்றோர் பலர் தடுமாறிப் போவார்கள். அது அவர்களின் குற்றமல்ல. எம்மவர் இந்தத் துறைக்குள் வந்தது பல்கலைக்கழக வாசலால் மட்டுமல்ல. ஆரவாரமில்லாத வேறொரு வாசலும் இருந்தது. அதைப் பற்றித்தான் இம்மாத உரை.

அந்த வாசல் தட்டச்சு.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா என்பவர் இளவயதில் கப்பலேறி மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனார். அங்கே ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞர் வேலை. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியோடு நாளும் பொழுதும் பழகியவருக்கு, தமிழுக்கு இப்படி ஒன்று ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. 247 எழுத்தை அந்தச் சிறிய பலகைக்குள் அடக்குவது எப்படி? விசிறிகளையும் கொம்புகளையும் தனித்தனி விசைகளாகப் பிரித்து அவர் விடை கண்டார். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் பொறியியல் படித்தவரல்லர், புலம்பெயர்ந்த ஓர் அலுவலக ஊழியர் என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் ஊரில் நிலைமை மாறியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போக இருந்த பல தமிழ் மாணவர்களை வெளியே நிறுத்தியது. அப்படி நின்றவர்களில் எத்தனையோ பேர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகப் போனார்கள். 1983க்குப் பிறகு பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர்களிடம் இந்தக் கைப்பழக்கமும் கூடவே வந்தது. பகலில் உணவகத்தில் கோப்பை கழுவிய கைக்கு, தமிழ் விசைப்பலகை மறக்கவில்லை.

லாச்சப்பலில் எம்மவர் கடைகள் பெருகப் பெருக அச்சுத் தேவையும் பெருகியது. திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், 31ஆம் நாள் கல்வெட்டு. இவற்றுக்காகக் கணனி வந்தது, அதற்குள் பாமினி எழுத்துரு வந்தது. பாமினியின் அமைப்பு பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பே. ஆகையால் ஊரில் பழகியவர் புதிதாக எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணனியில் அதே கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் பல்லை இளிக்கும். இந்த அனுபவம் இல்லாத புலம்பெயர் தமிழர் குறைவு.

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. அச்சுக்கடையில் இருந்தவர் தட்டச்சு மட்டும் செய்யவில்லை. எழுத்துருவை நிறுவினார், பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தார், அச்சுப்பொறி சண்டித்தனம் பண்ணினால் திருத்தினார், வைரஸ் புகுந்தால் முழுவதையும் அழித்துத் திரும்ப ஏற்றினார். பக்கத்துக் கடைக்காரரின் கணக்குக் கணனியும் அவரிடமே வந்தது. பிரெஞ்சு நிறுவனமொன்றில் இதற்கு ரெக்னீசியன் என்று பெயரும் பதவியும் சம்பளமும் உண்டு. இங்கே அவர் "ரைப் அடிக்கிற அண்ணை".

மற்ற நாடுகளையும் ஒரு தடவை பார்ப்போம். தமிழைக் கணனிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமான சிலரும் வேறு தொழிலில் இருந்தவர்களே. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் மயிலை எழுத்துருவை உருவாக்கிய கு. கல்யாணசுந்தரம் ஒரு வேதியியல் ஆய்வாளர். 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் பணியையும் அவர் முன்னின்று நடத்தினார். சிங்கப்பூரில் 1990களின் நடுவிலேயே இணையத்தில் தமிழைக் காட்டிய நா. கோவிந்தசாமி ஆசிரியர், எழுத்தாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் கணனித் துறையிலேயே இருந்தவர். 1985இல் அவர் தொடங்கிய முரசு மென்பொருள் நாளடைவில் அவருக்குத் தொழிலாகவே ஆனது. 2005இல் செல்லினம் வழியாகக் கைத்தொலைபேசிக்கும் தமிழ் போனது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. கல்யாணசுந்தரத்துக்கு ஆய்வுகூடச் சம்பளம் இருந்தது, கோவிந்தசாமிக்கு ஆசிரியச் சம்பளம் இருந்தது. லாச்சப்பல் அண்ணைக்கு அந்த அட்டைகள்தான் சம்பளம்.

சரி, இந்த நகரத்தின் கதைக்கு வருவோம். கணனிக்கு பிரெஞ்சில் "ஓர்தினத்தர்" என்ற பெயர் 1955இல் வந்தது. அதை ஐபிஎம் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தவர் ஜாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர். (சொல்லாக்கத்துக்குப் பண்டிதரைக் கேட்கும் வழக்கம் எங்களிடம் மட்டுமல்ல!) நுண்செயலியை வைத்து முழுமையாகக் கட்டி விற்பனைக்கு வந்த முதல் நுண்கணனிகளில் ஒன்றான மிக்ரால், 1973இல் பாரிசின் புறநகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் பிறந்தது. வேளாண் ஆய்வு நிலையமொன்று பயிர்களின் நீராவிப் போக்கை அளக்க மலிவான கருவி கேட்டது, அதற்காகச் செய்தார்கள். நிறுவனத்தின் தலைவர் ஆந்திரே துருவோங், சைகோனில் 1936இல் பிறந்து இளவயதில் பிரான்சுக்கு வந்தவர்.

ஆசியாவிலிருந்து வந்த ஒருவர்தான் நுண்கணனியைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அதை வடிவமைத்தவர் அவரிடம் வேலை செய்த பொறியியலாளர் பிரான்சுவா ஜெர்னெல். யார் கண்டுபிடித்தவர் என்று இருவருக்கும் நீண்ட பிணக்கு, நீதிமன்றம் வரை போய் ஜெர்னெல் பக்கமே தீர்ந்தது. துருவோங்கின் பங்கு வேறு. நிறுவனத்தை நிறுவி, ஆளைச் சேர்த்து, அப்படியொரு பொருளுக்குச் சந்தை உண்டு என்று நம்பியவர் அவர். அதையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது எப்போது? 1985 ஜனவரியில் பிரதமர் லோரன் ஃபபியூஸ் "எல்லோருக்கும் கணனி" என்ற திட்டத்தை அறிவித்தார். சுமார் 1,20,000 கணனிகள் நாட்டின் பாடசாலைகளுக்கு என்று கணக்கு. தொம்சன் நிறுவனத்தின் எம்ஓ5 அவற்றில் முக்கியமானது. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாமல் பல பெட்டிகள் அலுமாரிக்குள் தூங்கின என்று பின்னர் பலர் குறை சொன்னார்கள். ஆனாலும் வீட்டில் கணனி வாங்க வழியில்லாத பிள்ளைக்கு, விரலை முதன்முதல் வைக்கக் கிடைத்த இடம் வகுப்பறைதான். 1987இல் வந்த சட்டம் இன்னும் பெரியது, பேசப்பட்டதோ குறைவு. அதுவரை கைத்தொழில் பயில்வோருக்கே இருந்த பயிலுநர் ஒப்பந்தத்தைப் பொறியியல் பட்டம் வரை அது நீட்டியது. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் நிறுவனத்தில் வேலை, அதற்குச் சம்பளம். வீட்டு வாடகைக்குத் தடுமாறும் குடும்பத்துப் பிள்ளை உயர்படிப்பு முடிக்க இதைவிட நல்ல வழி இந்த நாட்டில் குறைவு என்பது என் எண்ணம்.

அண்ணைக்கான வாசல் 2002இல் திறந்தது. அனுபவத்தை அங்கீகரித்து டிப்ளோம் வழங்கும் சட்டம் அது. மூன்று வருட அனுபவத்தை ஆவணத்தோடு காட்டி, ஒரு நடுவர் குழுவின் முன் நின்று, முழு டிப்ளோமையோ அதில் ஒரு பகுதியையோ பெறலாம். சம்பளத்துக்குச் செய்த வேலை மட்டுமல்ல, சொந்தக் கடையில் செய்ததும் சங்கத்தில் தொண்டாகச் செய்ததும் கணக்கில் வரும். தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்குப் பக்கம் அமைத்ததும் அனுபவமே.

ஆனால் எங்கள் இடத்தின் சிக்கல் உங்களுக்குத் தெரியும். அந்த வருடங்களில் செய்த வேலையில் எவ்வளவோ "நுவாரில்" போனது. சம்பளச் சிட்டை இல்லை, ஒப்பந்தம் இல்லை. பத்து வருடம் கணனி முன் இருந்தவர், அரசாங்கத்தின் கண்ணில் ஒரு நாளும் இருக்காதவர். சட்டம் வந்த செய்தி லாச்சப்பலுக்கு வந்து சேர்வதற்குள் அவர்களில் பலர் அச்சுக்கடையை விட்டு, வாகனச் சாரதியாகவோ பலசரக்குக் கடை முதலாளியாகவோ மாறிவிட்டார்கள். கையிலிருந்த தொழில் அப்படியே போயிற்று. இதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளூரில் "நுவாரில்" வேலை வாங்கியவர்களும் எம்மவர்களே.

அதன் பின் விதி தளர்ந்தே வந்திருக்கிறது. 2016இல் மூன்று வருடம் ஒரு வருடமானது. 2022 டிசம்பரில் வந்த சட்டம் குறைந்தபட்சக் காலம் என்பதையே எடுத்துவிட்டது. இளையவர்களுக்கு, 2013இல் போர்த் து கிளிஷி பக்கம் தொடங்கிய "42" பாடசாலை இருக்கிறது. கட்டணம் இல்லை, பாக் சித்தியும் கேட்பதில்லை. ஆனால் முதலில் சில வாரங்கள் இரவு பகலாகப் போட்டுப் பார்த்துத்தான் ஆளை எடுக்கிறார்கள்.

வேலை பார்த்துக்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்னுமொன்று. கார் து லெஸ்ற் பக்கமிருந்து போபூர் சென்-மார்த்தன் வீதியால் தெற்கே இறங்கி, பழைய கல்வளைவைத் தாண்டி ரூ சென்-மார்த்தனில் நடந்தால், இடது கையில் பழைய மடாலயம் போல ஒரு கட்டிடம் வரும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல் நிறுவப்பட்ட க்னாம் அது. உழைக்கும் மக்களுக்கு மாலை வகுப்பு நடத்துவது அதன் பழைய வழக்கம். கணனிப் பாடங்களை ஒவ்வோர் அலகாகச் சேர்த்துப் பொறியியல் பட்டம் வரை போகலாம். பல அலகுகளில் சேர முன்டிப்ளோம் தேவையில்லை. லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து நடை அரை மணி நேரம்தான்.