கறுப்பு எப்படி இயல்பாயிற்று? திரையில் நிறம்வழிக் காட்சி மாற்றத்தின் வரலாறு

இன்றைய படத்தொகுப்பு மென்பொருள்களில் இரு காட்சிகளுக்கு இடையே ஒரு நிறத்தைச் செருகுவது சில நொடி வேலை. டாவின்சி ரிசால்வில் அதற்கு ‘டிப் டு கலர் டிசால்வ்’ என்று பெயர். ஃபைனல் கட் புரோவில் ‘ஃபேட் டு கலர்’. முதல் காட்சி ஒரு நிறத்துக்குள் மறைகிறது. அந்நிறத்திலிருந்து அடுத்த காட்சி எழுகிறது. தொகுப்பாளர் எதையும் மாற்றாவிட்டால் அந்த நிறம் கறுப்பாகவே இருக்கும். கறுப்பே இயல்பு, பிற நிறங்கள் அலங்காரம் என்ற எண்ணம் இதனால் வலுப்படுகிறது. இந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்பதற்குத் திரைப்பட வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

படச்சுருள் காலத்தில், கேமராவின் ஷட்டரையோ லென்ஸின் துவாரத்தையோ படிப்படியாக மூடினால் சுருளில் விழும் ஒளி குறைந்துகொண்டே வரும். ஒளி படாத நெகட்டிவ், கழுவிய பின் தெளிந்த நிலையில் நிற்கும். அதிலிருந்து எடுக்கும் பிரிண்டில் அவ்விடம் கறுப்பாகிவிடும். ஆகவே கறுப்பை யாரும் தனியே உருவாக்க வேண்டியதில்லை; ஒளியை நிறுத்தினால் அது தானே வந்து சேர்ந்தது. இந்த எளிமையே மரபாயிற்று. கறுப்பில் மறைவது என்றால் ஓர் அத்தியாயம் முடிந்தது, காலம் கழிந்தது என்று பார்வையாளர்கள் படிக்கப் பழகினர்.

மௌனப்படக் காலத்திலேயே திரையில் நிறம் இருந்தது. இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று பிரிண்டுகளைச் சாயத்தில் தோய்த்தனர். ஒலி வந்தபோது, படத்தின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தைப் படிக்கும் ஒளியைச் சாயம் தடுத்தது. அதற்குத் தீர்வாக 1929இல் கோடாக் நிறுவனம், ஒலிக்கு இடையூறு தராத சாயமிட்ட ‘சோனோகுரோம்’ சுருள்களைக் கொண்டுவந்தது. ‘இன்ஃபெர்னோ’, ‘நாக்டர்ன்’ என்பன அவற்றின் நிறப்பெயர்களுள் சில. நிறத்துக்கு உணர்ச்சிப் பொருள் உண்டு என்பதைத் தொழில்துறை அறிந்தே இருந்தது. எனினும் அந்நிறங்கள் காட்சியின் மேல் படிந்தவை. காட்சிகளுக்கு இடையே நிறத்தை மட்டும் நிறுத்துவது வேறொரு செயல். அந்நிறத்தைத் தனியே படம்பிடித்தோ அச்சிட்டோ சேர்க்க வேண்டும். அதற்குச் செலவும் உழைப்பும் தேவைப்பட்டன.

அந்த உழைப்பை ஏற்றவர்களுள் முக்கியமானவர் ஆக்னஸ் வர்தா. 1965இல் வெளிவந்த ‘லு பொனர்’ படத்தில் காட்சிகள் கறுப்புக்குப் பதிலாக நீலம், சிவப்பு, வெள்ளை போன்ற நிறங்களில் மறைகின்றன. மனைவியை நேசித்தபடியே வேறொரு பெண்ணையும் நேசிக்கும் தச்சன் ஒருவனின் கதை அது. மனைவி நீரில் மூழ்கி இறந்த பிறகும் படத்தின் ஒளி குன்றுவதில்லை. துக்கம் தங்குவதற்குரிய கறுப்பு இடைவெளியை அந்நிறங்கள் மறுத்துவிடுகின்றன. அம்மகிழ்ச்சியின் மீது எழும் ஐயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1972இல் இங்மர் பெர்க்மன் ‘க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’ படத்தில் ஒரே நிறத்தைப் பற்றிக்கொண்டார். இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண், அவளுடைய இரு சகோதரிகள், ஒரு பணிப்பெண். வீட்டின் சுவர்களும் சிவப்பு, காட்சிகள் மறைவதும் சிவப்பில். ஆன்மாவின் உட்புறத்தை ஈரமான சிவந்த சவ்வாகக் கற்பனை செய்ததாகப் பெர்க்மன் விளக்கியுள்ளார். இங்கே மாற்றம் காட்சிக்கு வெளியே செல்வதில்லை, உடலுக்குள் செல்கிறது. இப்படத்துக்காக ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் ஆஸ்கர் விருது பெற்றார்.

இவ்வரலாற்றின் நுட்பமான திருப்பம் மீண்டும் கறுப்பிலேயே நிகழ்ந்தது. 1993இல் வந்த கீஸ்லோவ்ஸ்கியின் ‘த்ரீ கலர்ஸ்: ப்ளூ’ படத்தில், கணவரையும் மகளையும் விபத்தில் இழந்த ஜூலியின் முகம் பேச்சின் நடுவே கறுப்பில் மறைகிறது, இசை எழுகிறது, பிறகு காட்சி அதே கணத்துக்குத் திரும்புகிறது. காலம் கழிந்ததைச் சொல்லிவந்த குறியீடு, காலம் நின்றதைச் சொல்கிறது. இயல்பு என்று கருதப்பட்ட கறுப்பும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறமாக மாறியது இவ்விடத்தில்தான்.

எண்மத் தொகுப்பில் இவை யாவும் கூட்டல் கணக்காகிவிட்டன. காட்சியின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் படிப்படியாகக் குறைய, தேர்ந்த நிறத்தின் மதிப்புகள் ஏறுகின்றன. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே இப்போது செலவில் வேறுபாடில்லை. ஆயினும் கறுப்பே முன்னிருப்பாகத் தொடர்கிறது. வேதியியல் மறைந்த பின்னும் அதன் பழக்கம் மறையவில்லை.

ஆய்வாளர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் சயான் சாயம் முதலில் வெளிறுவதால், படம் முழுவதும் இளஞ்சிவப்பாகத் திரிவது வழக்கம். சயானும் மெஜந்தாவும் சேர்ந்து உருவான நீலம், அத்தகைய பிரிண்டில் நீலமாகத் தெரியாது. நீலத்தில் மறைந்த காட்சி சிவந்து மறைந்ததாகப் பிழையாகப் படிக்கப்படலாம். வண்ணக் காட்சி மாற்றத்தைப் பற்றி எழுதுபவர் படத்தை மட்டுமன்றி, தாம் பார்த்த பிரிண்டையும், அது மீட்கப்பட்ட விதத்தையும் குறிப்பிட வேண்டியது அதனாலேயே. ஒரு நொடி மட்டும் நிற்கும் நிறமும் ஆவணமே. அது பிழையாகப் பதிவானால், அதன் மேல் எழுப்பும் விளக்கமும் பிழையாகும்.