உம்மாவின் பெறுபேறு வரும்வரை

மாம்புரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன வெங்காயத் தோட்டம். நான்கு மாதமாக உம்மா அங்கே குனிந்து வேலை செய்யவில்லை. "வயிறு ஊதின மாதிரியே கிடக்கு மகள்" என்பார். இரண்டு வாய் சோறு உண்டதும் கோப்பையைத் தள்ளிவிடுவார். இரவில் மூன்று, நான்கு தடவை சலம் கழிக்க எழும்புவார். கேஸ்ட்ரிக் என்று குளிசை வாங்கிக் கொடுத்தோம். ஒரு தனியார் வைத்தியரும் அதையேதான் சொன்னார். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும், கூடுதலாக என் மேலேயே.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு வயிற்று ஊதல், சீக்கிரம் வயிறு நிரம்புதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சலம் போதல் ஆகியவற்றில் ஏதேனும் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் சூலகத்தையும் பார்க்க வேண்டும். சுவநாரி கிளினிக்கில் எடுக்கும் பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அது நன்றாக வந்திருக்கிறது என்பதால் சூலகமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் பலர் அப்படி நினைத்து நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஸ்கானில் இடது சூலகத்தில் பல அறைகள் கொண்ட நீர்க்கட்டி தெரிந்தது. பிறகு சி.ஏ. 125 குருதிப் பரிசோதனை. வழமையான எல்லை 35, உம்மாவுக்கு 68. அந்த இலக்கத்தைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. பிறகுதான் வாசித்து அறிந்தேன், அந்த இலக்கம் தனியாக எதையும் தீர்மானிக்காது. கருப்பைக் கட்டி, ஈரல் நோய், இருதயப் பலவீனம், வயிற்றில் காசநோய் எல்லாவற்றிலும் அது கூடும். மறுபக்கம், ஆரம்ப நிலைச் சூலகப் புற்றுநோயில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அது கூடாமலே இருக்கும்.

வைத்தியர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். 1990இல் பிரித்தானியாவில் வெளியான கணக்கு அது. குருதி இலக்கத்தை இரண்டு எண்களால் பெருக்குவார்கள். மாதவிடாய் நின்றவருக்கு 3, நில்லாதவருக்கு 1. ஸ்கானில் சந்தேக அடையாளம் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3, ஒன்றுமே இல்லாவிட்டால் 0. உம்மாவுக்கு 68 × 3 × 1, அதாவது 204. பிரித்தானியாவிலேயே மகப்பேற்று வைத்தியர்களின் றோயல் கல்லூரி 200ஐ எல்லையாக வைக்கிறது. நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டல் 250 என்கிறது. எல்லையைத் தாண்டினால் புற்றுநோய் என்று பொருளல்ல. புற்றுநோயில் அனுபவமுள்ள சத்திரசிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்றுதான் பொருள். உம்மா இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நின்றார்.

"ஊசி குத்திப் பார்த்தால் உடனே தெரியுமே" என்று மாமா கேட்டார். சந்தேகமான நீர்க்கட்டியைக் குத்தினால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்தக்கூடும். அதனால் பெரும்பாலும் உடையாமல் முழுதாக எடுத்து, பிறகு நோயியல் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். எடுத்த துண்டைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய படலமாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க நாட்கள் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மேலதிகச் சாயங்கள், மேலும் நாட்கள். பெறுபேறு தாமதமானால் கெட்ட செய்தி என்று உம்மா நினைத்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்ன பிறகு கொஞ்சம் ஆறினார்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வைத்தியர் சிங்களத்தில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். அவர் 'பிளிகா' என்ற சொல்லைச் சொன்னபோது நான் "கட்டி" என்றேன். பஸ்ஸில் பாலாவிச் சந்தி தாண்டும்வரை உம்மா பேசவில்லை. பிறகு, "முப்பது வருசத்துக்கு மேல புத்தளத்தில இருக்கன். பிளிகா எண்டா கட்டியில்லை மகள்" என்றார். அன்றோடு நான் சொற்களை மெதுமைப்படுத்துவதை நிறுத்தினேன். "இருக்கலாம், இன்னும் தெரியாது" என்பதை அப்படியே சொல்கிறேன். அவர் கேட்காததைத் திணிப்பதில்லை, கேட்டதை மறைப்பதும் இல்லை. மாமாவுக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை.

வைத்தியர் கேட்ட இன்னொரு கேள்விக்கு எங்களிடம் பதிலில்லை. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ இருந்ததா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் குடும்பம் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தது. கிளினிக் கொப்பிகள் எல்லாம் அங்கேயே போயின. உம்மம்மா "வயிற்றுக் கட்டியில்" மவுத்தானார் என்பது மட்டும்தான் தெரியும். வன்னியிலிருந்து வந்த தமிழ்த் தோழி ஒருத்தியின் வீட்டிலும் இதே கதைதான்.

ஆனால் அந்தக் கேள்வி முக்கியமானது. பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் பழுதிருந்தால், வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதோ அதற்கு மேலோ. பொதுவாகப் பெண்களுக்கு அது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். தந்தை வழியாலும் இந்தப் பழுது வரும். எனவே மன்னாரிலும் கொழும்பிலும் இருக்கும் வயதான உறவினருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து, யார், எந்த வயதில், எங்கே நோவு, எந்த வைத்தியசாலை என்று எழுதி வைக்கிறேன். பெரியம்மா ஒருவர் உம்மம்மாவுக்கு மார்பிலும் புண் இருந்தது என்றார். அதைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

காத்திருக்கும் நாட்களில் உம்மாவுக்குச் சிறிது சிறிதாக ஐந்து நேரம் சாப்பாடு. சத்திரசிகிச்சைக்கு முன்னரே வயிறு தடவ ஒரு பெண் வரட்டும் என்று அயலவர் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். நீர்க்கட்டி முறுகும், வெடிக்கும். திடீரெனக் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூச்சு வாங்குதல், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் இதேதான்.

ஸ்கான், சி.ரி., குருதி, சத்திரசிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து, போனிலும் படம் எடுத்திருக்கிறேன். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் அந்தக் கோப்புப் போதும். கேட்க வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன்: கட்டி என்ன வகை? புற்றுநோய் என்றால் எந்த நிலை? மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டுமா? மரபணுப் பரிசோதனை எங்கே?

நாளை கிளினிக். உம்மா இரவே கோப்பைப் பையில் வைத்துவிட்டார். கொப்பியில் என் கேள்விகளுக்குக் கீழே தன் கையால் ஒன்று எழுதியிருக்கிறார்: வெங்காயம் நட எப்ப குனியலாம்?